இ-ஆர்க் வழிக்கு வந்தது, டிடிஎஸ் வரவில்லை: ராயபுரம் நிலவரம்

ஒருவழியாக இ-ஆர்க் (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி, பழைய ஆர்க்கின் புது வடிவம்) நிலையாக நிற்கிறது. புளூரே பிளேயர் டிவியில், டிவியிலிருந்து சத்தம் சவுண்ட்பாருக்கு, பாரின் சின்னத் திரையில் "அட்மாஸ்" (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி முறை) என்ற எழுத்து. இது ஓடிடி ஆப்களில் வரும், சுருக்கிய டிடி பிளஸ் (டால்பி டிஜிட்டல் பிளஸ்) அட்மாஸ் இல்லை, டிஸ்க்கிலிருந்து வரும், தரம் குறையாத ட்ரூஎச்டி. டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் கேபிள் கதை.

டிவி 2021 மாடல். பார் 3.1.2 (முன்னால் மூன்று, சப்வூஃபர் ஒன்று, மேல்நோக்கிப் பாடுவது இரண்டு), அந்த சப்வூஃபர் வயர்லெஸ். பிராண்ட் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளுக்கு ஒரு கட்சி கட்டுவீர்கள். வீடு பழைய ராயபுரத்து வீடு. தடிமனான சுண்ணாம்புச் சுவர், அதை வெட்டி ஒயர் பதிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் சுவரோரமாக பிவிசி கேசிங் அடித்து, இரண்டு எச்டிஎம்ஐ கேபிளை நடுவில் ஒரு ஜாயின்டர் போட்டு இணைத்து, டிவிக்கும் பாருக்கும் ஓட்டியிருந்தேன்.

பிரச்சினை இதுதான். டிவி ரிமோட்டில் வால்யூம் அழுத்தினால் பார் கேட்கிறது, டிவியை அணைத்தால் பாரும் அணைகிறது. பாரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் பிளேயரைச் செருகினால் டிவியில் 4கே படம் பளிச்சென்று வருகிறது. ஆனால் டிவி ஆப்பில் எதைப் போட்டாலும் பாரில் சத்தமே இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "படம் வருதுல்ல? ரிமோட் வேலை செய்யுதுல்ல? அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்கு, டிவிய ரீசெட் பண்ணு."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம். எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின். படம் போவது 1 முதல் 12 வரை. ரிமோட் சமாச்சாரமான சிஇசி போவது 13-இல். டிவியிலிருந்து சத்தம் திரும்பி வருவது 14-இல். இ-ஆர்க் என்றால் 14-உம் 19-உம் ஜோடியாக. ஆக, படம் வருவதும் ரிமோட் கேட்பதும் 14-ஆம் பின்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஒரே தெருவில் பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறது, அதனால் உன் வீட்டுக் குழாயும் சரி என்பது மாதிரிதான் இது.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். பிளக்குக்குள் முனையை விட்டு 14-ஐத் தொடுவது ஆகாத காரியம், பக்கத்துப் பின்னில் வழுக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எச்டிஎம்ஐ பிரேக்அவுட் போர்டு கிடைக்கிறது. ஒருபக்கம் சாக்கெட், மறுபக்கம் எண் போட்ட ஸ்க்ரூ டெர்மினல். இரண்டு வாங்கி, கேபிளின் இருமுனையிலும் செருகி, எண்ணுக்கு எண் கண்டினியூட்டி (ஒயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும்) பார்த்தால் போதும். 13 பீப். 14 சத்தமில்லை. 15 பீப். கேபிள்களைத் தனித்தனியாகப் பார்த்தேன், இரண்டிலும் 14 பீப் அடிக்கிறது. மிச்சம் இருந்தது ஜாயின்டர். அதன் மேல் உறையைப் பிரித்தால், 14-ஆம் காலுக்கு ஈயமே வைக்கவில்லை. மற்ற பதினெட்டும் அழகாகப் பற்ற வைத்திருக்கிறார்கள்.

பர்மா பஜாரில் வாங்கிய கடைக்கே போய்க் காட்டினேன். "தம்பி, படம் வரலைன்னா சொல்லு, வேற தரேன். சவுண்டு திரும்பிப் போற கதையெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்றார் கடைக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்தக் கடையில் யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை. நான் வேறொரு ஜாயின்டர் வாங்கி, கையோடு கொண்டுபோன போர்டில் அங்கேயே 14-ஐப் பார்த்து எடுத்துவந்தேன்.

ஆர்க் உடனே வந்தது. ஓடிடியும் அட்மாஸில் பாடியது. அதற்கு இ-ஆர்க் தேவையே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸ் அதிகபட்சம் 768 கேபிபிஎஸ், டிடி பிளஸ்ஸுக்குள் அடங்கி பழைய ஆர்க்கிலேயே போய்விடும். இ-ஆர்க்கை ஆன் செய்ததும்தான் அடுத்த தலைவலி. ட்ரூஎச்டி ஓடும்போது திடீர் திடீரென்று ஒரு நொடி சத்தம் அறுந்து திரும்ப வரும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தில் கட்டாயம் அறுக்கும். கண்டினியூட்டி பார்த்தால் எல்லாமே பீப்.

மல்டிமீட்டரின் எல்லை இங்கேதான். 14-உம் 19-உம் முறுக்கிய ஜோடியாக, மேலே கவசத்தோடு, முனையிலிருந்து முனைவரை போகவேண்டும். சாதாரண ஹை ஸ்பீட் கேபிளில் 14 ஒரு ஒற்றை ஒயராகத் தனியாக ஓடும். பழைய ஆர்க் அந்த ஒற்றை ஒயரிலேயே சமாளித்துக்கொள்ளும். இ-ஆர்க் 37 எம்பிபிஎஸ் வரை போகக்கூடிய சமாச்சாரம், இரண்டு ஒயருக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் சிக்னலைப் படிக்கிறது. முறுக்கு இல்லையென்றால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறாது, கழிந்தும் போகாது. பீப் அடிக்கிறது என்பதால் ஒயர் இருக்கிறது என்றுதான் அர்த்தம், ஜோடியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஜாயின்டரையே தூக்கிப் போட்டுவிட்டு, "ஹை ஸ்பீட் வித் ஈதர்நெட்" என்று உறையில் அச்சிட்ட ஒரே துண்டு 5 மீட்டர் கேபிள் போட்டேன். ஈதர்நெட்டை எந்த டிவியும் சீண்டுவதில்லை. ஆனால் அந்தப் பெயருள்ள கேபிளில் 14-19 ஜோடி முறைப்படி இருக்கும், இ-ஆர்க்குக்கு அது போதும். கடையில் 48 ஜிபிபிஎஸ், 8கே என்று ஒரு கேபிளை எடுத்துக் காட்டி மும்மடங்கு விலை சொன்னார்கள். 4கே 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுகிறவர்கள் வாங்கலாம், சத்தத்துக்காக மட்டும் வாங்குவது வீண். இப்போது ஃபிரிட்ஜ் கிளம்பினாலும் சத்தம் அறுப்பதில்லை. உதட்டசைவும் சத்தமும் தானாகவே சேர்ந்துகொள்கின்றன, இ-ஆர்க்கில் அது கட்டாய அம்சம்.

கடலோரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காசிமேட்டுக் காற்றுக்கு எந்த முலாமும் தாங்காது. என் டிவியின் பழைய சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பிளக்கை வருடக்கணக்கில் அசைக்காமல் விடாதீர்கள்.

செட்டிங்கில் பெரிதாக ஒன்றுமில்லை. டிவியில் பாஸ்த்ரூ, இ-ஆர்க் ஆன், பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் (பாஸ்த்ரூவும் இதுவும் சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே கடத்தத்தான்), மெனு ஒலி போன்றவற்றைக் கலக்கும் செகண்டரி ஆடியோ ஆஃப். அந்தக் கடைசியை விட்டால் ட்ரூஎச்டி வெளியே வராது.

இனி டிடிஎஸ். கேபிள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டிவி அதை உள்ளேயே விடுவதில்லை. சாம்சங் 2018 மாடல்களிலிருந்தே டிடிஎஸ்ஸை விட்டது. எல்ஜி 2020-இல் விட்டு, 2023-இல் சி3, ஜி3 வரிசையில் திரும்பக் கொண்டுவந்தது. பார் பெட்டியின் மேல் டிடிஎஸ்:எக்ஸ் (அட்மாஸுக்கு டிடிஎஸ்ஸின் பதில்) லோகோ எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நடுவில் நிற்கும் டிவி கை விரித்தால் கதை முடிந்தது. புதிதாக டிவி வாங்கும் மச்சானிடம் இதைச் சொன்னால், "படம் நல்லா இருக்கா, அத சொல்லுங்க மாமா" என்கிறான்.

ஒரு வழி, பிளேயரை நேராக பாரின் இன்புட்டில் செருகுவது. அப்படிச் செய்தால் டிடிஎஸ்:எக்ஸ் அருமையாக வருகிறது. ஆனால் என் பாரில் ஒரே ஒரு இன்புட்தான், அதன் வழியாக டால்பி விஷன் (டால்பியின் எச்டிஆர் பட முறை) போகாது. டால்பி விஷன் டிஸ்க்குக்கு பிளேயர் டிவியில், டிடிஎஸ் டிஸ்க்குக்கு பாரில் என்று மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்கிறேன். சாக்கெட்டுக்கு இது நல்லதில்லை என்று தெரியும்.

இன்னொரு வழி, பிளேயரிலேயே டிடிஎஸ்ஸைப் பிரித்து பிசிஎம்மாக (சுருக்காத சத்தமாக) அனுப்புவது. இ-ஆர்க் 8 சேனல் பிசிஎம் வரை தூக்கும். என் டிவி 5.1 பிசிஎம்மை ஒழுங்காகக் கடத்துகிறது, எக்ஸ் உயரத் தகவல் மட்டும் போய்விடுகிறது. பாதி டிஸ்க்குக்கு இதுவே போதும்.

பென் டிரைவில் வைத்திருக்கும், டிஸ்க்கிலிருந்து எடுத்த பழைய டிடிஎஸ் ரிப்களில்தான் இன்னும் முடிவில்லை. டிவி பிளேயர் படத்தைக் காட்டி, ஆடியோ ஆதரவில்லை என்று கைகழுவிவிடுகிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தொடாமல் ஆடியோவை மட்டும் 640 கேபிபிஎஸ் டிடி பிளஸ் 5.1 ஆக மாற்றிப் பார்த்தேன். பாரில் வருகிறது, கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வசனம் கொஞ்சம் தாழ்ந்து கேட்கிறது. வசன ஒலியளவைச் சொல்லும் டயலாக்நார்ம் மதிப்பைத்தான் சந்தேகப்படுகிறேன். அதை மாற்றி மறுபடி ஓட்டவேண்டும், பழைய லேப்டாப் இதற்குள் சூடாகிவிடுகிறது.

அதை முடிக்காமலே மனம் கூரைக்குத் தாவிவிட்டது. எங்கள் வீட்டில் மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரமும் இடையில் செங்கல்லும். மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கருக்குச் சமதளமான கூரை வேண்டும், 7.5 முதல் 12 அடி உயரத்துக்குள் இருந்தால் நல்லது என்பது டால்பியின் அளவு. எங்களுடையது 13 அடி, அதோடு உத்திரங்கள். அட்மாஸ் என்று திரையில் வருகிறதே தவிர, மழை தலைக்கு மேல் பெய்வதில்லை, உத்திரத்தில் பட்டு எங்கோ மூலையில் தெறிக்கிறது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மட்டும் ஒரு 8-க்கு-4 பிளைவுட் பலகையை 11 அடியில் தொங்கவிடலாமா என்று பார்க்கிறேன். மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு ஆசாரி வந்து அளந்து போயிருக்கிறார். உத்திரத்தில் ஆணி அடிக்காமல் கொக்கியில் மாட்டுவதாகச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் தலையாட்டினார். 12 எம்எம் போதுமா, 18 எம்எம் போடவேண்டுமா என்று யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சப்வூஃபர் ஓடும்போது பலகை அதிருமா என்பதுதான் என் கவலை.