பெரியம்மாவும் 43 கேசட்டும்

ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமையானா கடலூர் திருப்பாப்புலியூர்ல பெரியம்மா வீட்லதான் இருக்கேன், பெரியப்பா கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. பெரியப்பா சினிமாவுக்கெல்லாம் போனதில்ல, நாடகத்துக்கும் கோயில் திருவிழா பக்திப் பாட்டுக்கும் மெட்டு போட்டவரு, ஆர்மோனியப் பெட்டி முன்னாடி உக்காந்துட்டா சாப்பாட்டுக்கு நாலு தடவ கூப்பிடணும். போயி ஆறு வருஷமாச்சு.

ஸ்வரம் எழுதின நோட்டு கட்டுக்கட்டா இருந்துச்சு, 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரை ஷீட்டு பறந்து எல்லாம் நனைஞ்சு மை கரைஞ்சுபோச்சு. 43 கேசட்டும் பீரோவுல பட்டுப் பொடவைக்கு நடுவுல இருந்ததால தப்பிச்சுது (நகை வெக்கிற எடம்தான், நகைதான் இல்ல).

கடல் காத்து அடிக்கிற ஊர்ல டேப்புல பூஞ்சை புடிக்கும், ரீல் ஓரத்துல வெள்ளையா தெரியும், அப்படியே ஓட்டினா டேப்ரெக்கார்டர் ஹெட்டுல (டேப்பைத் தொட்டுப் படிக்கிற பாகம்) ஒட்டிக்கிட்டு அடுத்த கேசட்டையும் நாசம் பண்ணிடும், அதனால ஒவ்வொண்ணுக்கும் ஸ்பிரிட்டுல பஞ்சைத் தொட்டு ஹெட்டைத் தொடைக்கணும். 90 நிமிஷ கேசட்டுக்கு 90 நிமிஷம் உக்காந்துதான் ஆகணும், வேற வழியில்ல.

நடுவுல ஒரு பக்திப் பாட்டு சேனல்காரங்க கேட்டாங்க, மெட்டு போட்டவர் பேரு வேணாமாம், 'பாரம்பரியம்'னு போட்டுக்கிறாங்களாம். நான் மெட்டு போட்டவரு எறந்தப்புறமும் 60 வருஷம் காப்புரிமை உண்டு, பதிவு பண்ணாமலே உண்டு, 2012ல சட்டத்தைத் திருத்தி ராயல்டிக்கும் வழி பண்ணிருக்காங்கன்னு பெருசா வெளக்கினேன். "காசு கெடக்கட்டும்டா, பேரு போடாதவனுக்கு எதுக்கு பாட்டு?"ன்னு பெரியம்மா முடிச்சுட்டாங்க. மொசார்ட் 1791ல செத்தப்போ பொண்டாட்டி கான்ஸ்டான்சேவுக்கு 29 வயசுதான், அந்தம்மாதான் பாதியில நின்ன ரெக்வியத்தை (செத்தவங்களுக்காகப் பாடுற சர்ச் இசை) ஆள் வெச்சு முடிச்சு, அப்புறமா கையெழுத்துப் பிரதியெல்லாம் ஒரு பதிப்பாளருக்கு வித்தாங்கன்னு கதை சொன்னேன். "வாங்குறதுக்கு ஆள் இருந்தானே, குடுத்து வெச்சவ"ன்னாங்க.

போன வாரம் 17வது கேசட். மேல அவரு கையெழுத்துல 'அம்மன் பாட்டு, முடிஞ்சுது'. போட்டா என் அக்கா நாலு வயசுல ஆத்திசூடி ஒப்பிக்குறா, பின்னாடியே ஏதோ டிவி சீரியல் பாட்டு. கேசட் மேல ரெண்டு சின்ன காது இருக்குமே, ஒடச்சுட்டா திரும்ப ரெக்கார்டு ஆகாது, பெரியப்பா ஒடச்சுதான் வெச்சிருக்காரு, அந்த ஓட்டை மேல யாரோ செலோடேப் ஒட்டி அழிச்சிருக்காங்க. யாருன்னு நான் கேக்கவே இல்ல.

"நான்தான்டா. கொழந்த பேசுறது புடிக்கணும்னு ஆசை, காலி கேசட்டுன்னு நெனச்சேன். திட்டல அவரு. வேற போட்டுக்கலாம் விடுன்னாரு. போடவே இல்ல."

அன்னிலேர்ந்து செல்போனை வெச்சுக்கிட்டு அந்தப் பாட்டை முணுமுணுக்குறாங்க. பல்லவி, அனுபல்லவி கெடச்சுடுச்சு, சரணம் ரெண்டாவது வரிதான் வரல. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட், "இதாண்டா சரி, பழசை அழிச்சுடு"ன்னு. காலையில அஞ்சரைக்கு இன்னொண்ணு, "அது இல்லடா, இதக் கேளு". இதுவரைக்கும் 14 வந்திருக்கு, எதையும் அழிக்கல.