உப்புக் காற்றில் டென்சைல் துணி மாற்றிய அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் எங்கள் லாட்ஜ் வாசலில் நிற்கும் டென்சைல் கூரையை, அதாவது கம்பங்களுக்கு இடையே விறைப்பாக இழுத்துக் கட்டிய துணிக் கூரையைத் தொட்டால் கையில் வெள்ளை மாவு ஒட்ட ஆரம்பித்தது. மடிப்புகளில் பிவிசி பூச்சு உதிர்ந்து உள்ளிருக்கும் பாலியஸ்டர் நூல் தெரிந்தது. அந்த நிலைக்கு வந்த துணியில் ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை, ஆடி மாதக் கச்சான் காற்று ஒரு வீசு வீசினால் கிழிந்துவிடும். கம்பங்கள் திடமாக இருந்ததால் துணியை மட்டும் மாற்ற முடிவு செய்தோம்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சதுர அடி ரேட் தரைப் பரப்புக்கா, துணிப் பரப்புக்கா? எங்களுடையது இரண்டு மூலை உயர்ந்து இரண்டு மூலை தாழ்ந்த வடிவம். அதில் துணிப் பரப்பு எப்போதும் கூடுதலாகத்தான் வரும். இதைக் கேட்காமல் ரேட்டை ஒப்பிட்டால் குறைவாகத் தெரிவது கடைசியில் குறைவாக இருக்காது.

"பழைய துணியைக் கழற்றி அனுப்புங்க, அதே அளவுல வெட்டித் தர்றோம்" என்றார் ஒருவர். அவரை அதோடு விட்டுவிட்டேன். பழைய துணி வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். புதுத்துணியை வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைத்து வெட்டினால்தான் இழுத்துக் கட்டும்போது விறைப்பு வரும். வேலையை எடுத்தவர்கள் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி வைத்து, துணி மூலைகளைப் பிடிக்கும் தட்டுகளை அளந்தார்கள். ஒரு கம்பம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

துணியை இறக்கியதும் கதை மாறியது. துணியை இழுத்து இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்கள் வெளியே பளபளவென்று இருந்தன. கழற்றினால் மரையெல்லாம் டீ நிறக் கறை, நடுவில் ஊசி குத்தியதுபோல் குழிகள். சாதாரண 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்து, 2022-இல் ரயிலையே நிறுத்த வைத்த காற்று இது, இந்த டர்ன்பக்கிளை விடுமா? எல்லாவற்றையும் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 கிரேடுக்கு மாற்றச் சொன்னேன். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தட்டைத் தொடும் இடங்களில், இரண்டு உலோகமும் நேராக ஒட்டாமலிருக்க நைலான் வாஷர் போட்டார்கள்.

துணி விளிம்பு ஓரமாக ஓடும் கம்பிக் கேபிளை மட்டும் மாற்ற மேஸ்திரி சம்மதிப்பதாக இல்லை.

"அண்ணே, இது இன்னும் பத்து வருசம் ஓடும்."

"தாழ்ந்த மூலைப் பக்கம் வளைச்சுக் காட்டுங்க தம்பி."

வளைத்ததும் பிரிகள் பட்பட்டென்று விட்டன. தண்ணீர் தங்குவது அந்த முனையில்தான். புதுக் கேபிள் வந்தது.

துணி, இரண்டு பக்கமும் பிவிடிஎஃப் (வெயிலையும் அழுக்கையும் தாங்கும் மேல்பூச்சு) உள்ள பிவிசி. மூட்டுகளைத் தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டும் வெல்டிங் செய்யச் சொன்னோம். தையல் நூல் வெயிலில் முதலில் போய்விடும், ஊசித் துளை வழியாகவும் ஒழுகும். பங்குனியில், காற்று எழும் முன் காலையிலேயே ஏற்றினார்கள். ஒரு மூலையை முழுதாக இழுக்காமல் எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். அப்படிச் செய்யாவிட்டால் சுருக்கம் விழும், மழையில் அந்த இடத்தில் தண்ணீர் குளம் கட்டும். ஹோஸ் பிடித்து நடுவில் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். தயங்காமல் தாழ்ந்த மூலைகளுக்கு ஓடியது.

புதுத்துணி சில வாரங்களில் சற்றுத் தளரும், மறுபடி இறுக்க வேண்டும். இதை ஆர்டரிலேயே எழுதி வாங்கி, அதுவரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தேன். போன் போட்ட மறுநாளே ஸ்பானரோடு வந்து நின்றார்கள்.