க்பான்லோகோ மேளத்தில் உளி வேலை

கானா நாட்டின் அக்ரா நகரில், கா இனத்து இளைஞர்கள் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆட்டத்துக்கும் அதற்கு வாசிக்கும் மேளத்துக்கும் க்பான்லோகோ என்றே பெயர். ஒரே மரத்துண்டைக் குடைந்து உடலைச் செய்து, வாய்க்குக் கீழே சுற்றிலும் துளையிட்டு, அவற்றில் அறைந்த மர முளைகளால் தோலை இழுத்துக் கட்டுகிறார்கள். இன்று விற்பனைக்கு வரும் மேளங்களில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சிற்ப வேலை இருக்கும். மரவேலையில் ஈடுபாடு உள்ளவன் என்பதால், ஒலியைவிட அந்த வேலைப்பாடே என்னை முதலில் இழுத்தது.

அதில் அதிகம் காணப்படுபவை அடிங்க்ரா குறிகள். கடவுளின் மேலாண்மையைச் சொல்லும் கியே நியாமே, திரும்பிப் பார்க்கும் பறவையான சங்கோஃபா ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. இவை கா இனத்தாருடையவை அல்ல. கானாவின் மற்றோர் இனத்தாரான அகான் மக்கள் துணியில் அச்சுக் குத்தியவை. குமாசிக்கு அருகிலுள்ள என்டோன்சோ ஊரில், காய்ந்த சுரைக்குடுக்கையின் ஓட்டில் குறியை மேடாக விட்டுச் சுற்றிலும் செதுக்கி எடுத்து, அந்த அச்சைக் கருஞ்சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிக்கிறார்கள். ஓடு வளைந்தது; மேளத்தின் உடலும் வளைந்தது. குறியை விட்டுவிட்டுப் பின்புலத்தைத் தாழ்த்தும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே, துணிக்கென்று பிறந்த குறிகள் மரத்தில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ட்வெனெபோவா என்னும் மரம் மேளம் குடைவதற்குப் பெயர்பெற்றது. அகான் மேளக்காரர் வாசிப்பைத் தொடங்குமுன், மேளத்துக்கு உடல் தந்த இம்மரத்தையும் தோல் தந்த யானையையும் பேச்சின் தொனியை அடியில் எழுப்பும் மேள மொழியாலேயே விளித்து அழைக்கும் மரபு உண்டு. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய அகான் மேளமும் இதே பேரினத்து மரத்தில் செய்யப்பட்டதுதான். 18ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் கிடைத்து, ஹான்ஸ் ஸ்லோன் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பில் அமெரிக்கப் பழங்குடியினரின் மேளமாகப் பதிவாகி, பின்னரே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்திருக்கக்கூடியது என்று அறியப்பட்டது அது.

இனி, செதுக்குதல். மரத்தின் ரேகை மேளத்தில் மேலிருந்து கீழாக ஓடுவதால், கியே நியாமேயின் வளைவுகளை ஒரே வீச்சில் வெட்ட முடியாது. வளைவின் ஒரு பாதியில் உளி வழுக்கிக்கொண்டு போகும். மறுபாதியில் ரேகைக்கு எதிராக நுழைந்து சில்லைப் பெயர்த்துவிடும். எனவே, முதலில் குறியின் ஓரத்தை நேர்குத்தாக வெட்டி வரம்பு கட்டிக்கொண்டு, பிறகு ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாகவே பின்புலத்தைத் தாழ்த்த வேண்டும். கொட்டாப்புளியின் அடி சிறிதாக இருக்கட்டும். குடைந்த மரம் உள்ளே தாங்கலின்றி அதிரும்.

முளைத் துளைகளுக்கு அருகில் உளியே போகக் கூடாது. தோலை இறுக்க முளையை அறையும்போதெல்லாம் அழுத்தத்தை ஏற்பது அந்த இடம்தான். அங்கே ஆழமாகச் செதுக்கினால் வெடிப்பு ரேகையோடு கீழே இறங்கும். துளைகளுக்கு மேலேயும் பூ வேலை செய்த மேளங்களை, அவை எத்தனை அழகாயிருந்தாலும், நான் வாங்கமாட்டேன். வாசிப்பவர் உட்கார்ந்து மேளத்தை முழங்கால்களுக்கிடையில் சாய்த்துப் பிடிப்பதால், இரு பக்கவாட்டிலும் வேலைப்பாட்டை ஆழமின்றி வைத்து விளிம்புகளை மழுக்கிவிட்டு, ஆழமான செதுக்கலை முன்புறத்துக்கும் அடிப்பகுதிக்கும் ஒதுக்குவதே முறை.