தாத்தாவின் டிரங்குப் பெட்டி: மூன்று வாரத்தில் தெரிந்தது

குன்னூரில் ஜூலை மாதம் துணியே காயாது, காகிதம் எங்கே காயும்? பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை இறக்கியபோது எல்லாம் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. முதல் நாள் அவசரப்பட்டு ஒரு கடிதத்தை இழுத்தேன், ஓரம் கிழிந்துவிட்டது, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு எதையும் இழுப்பதில்லை. மை ஒற்றும் தாளை இடையில் வைத்து, மேலே பலகை வைத்து, தினமும் தாளை மாற்றுகிறேன். அவர் எழுதியது எச்சில் தொட்டு எழுதும் ஊதா பென்சிலில், அதில் ஈரம் பட்டால் சாயம் ஓடிவிடும். அதனால் நீராவி காட்டிப் பிரிக்கும் யோசனையை விட்டுவிட்டேன்.

தாத்தா தச்சர். எங்கள் வீட்டு ஜன்னல்கள் அவர் செய்தவை. பட்டாளத்தில் இருந்தார் என்று மட்டும் தெரியும், மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கும் வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ரெஜிமென்ட்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இரண்டாம் வாரம் டிஸ்சார்ஜ் தாள் பிரிந்தது. 1942-ல் பெங்களூரில் சேர்ந்திருக்கிறார், 1946-ல் விடுவித்திருக்கிறார்கள். ரெஜிமென்ட் மையம் வெலிங்டனுக்கு வந்ததே 1947-ல். அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம், சாலை போடுகிற, கண்ணிவெடி அகற்றுகிற படை. தொழில் என்ற இடத்தில் தச்சர் என்றே போட்டிருந்தது. உளி பிடித்த கையைத் தேடித்தான் எடுத்திருக்கிறார்கள்.

அடியில் ஒரு துணி முடிச்சில் ஆறு முனைப் பித்தளை நட்சத்திரம். ரிப்பனில் நடுவே அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் ஆரஞ்சுக் கோடு. பர்மா ஸ்டார், அதாவது இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். 1944 டிசம்பரில் பர்மாவில் கலேவா அருகே சிந்துவின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு மிதவைப் பாலம் போட்டார்கள், அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான பெய்லி பாலம் (முன்பே செய்த இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுவது). தாத்தா அங்கே நின்றாரா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆசைப்பட்டு எழுதிவிடவும் மாட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. கடித உறைகளில் ஊர்ப் பெயர் கிடையாது, எதிரிக்குத் தெரியக்கூடாது என்று களத் தபால் நிலையத்தின் எண் மட்டும்தான் முத்திரையில் இருக்கும். எந்தத் தேதியில் எந்த எண் எங்கே இருந்தது என்று பொருத்தினால் அவர் போன வழி தெரியும். இதுவரை மூன்று உறைகளில் எண்ணும் தேதியும் படிக்க முடிந்தது, நோட்டில் குறித்துவிட்டேன்.

1945 ஜனவரிக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இங்கும் நம்ம ஊர் போல விடியற்காலையில் பனி. பீன்ஸ் போட்டீர்களா, வேலிக்கு நல்ல கம்பு கிடைத்ததா" என்று கேட்டிருக்கிறார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்ட ஒரு நாள்கூட சொன்னதில்லப்பா, அந்த வேலி வரியை இன்னொரு தரம் படி" என்றார்.

நான்காவது உறை இன்னும் ஒட்டியே இருக்கிறது. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகுதான் அதைத் தொடுவேன்.