சுடுமண் சிலை: முகத்துக்கு முன்னால் சுவர்

சுடுமண் சிலையில் தேர்ந்த வேலை எது என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டாம். மெல்லச் சாய்த்து, அடிப்பக்கத் திறப்பில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக ஓடுகிறதா, ஒட்டின இடமெல்லாம் உள்ளேயும் வழித்து மூடியிருக்கிறதா, கையும் தலையும் உடம்போடு சேரும் இடத்தில் துளை இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் செய்தவர் தொழில் தெரிந்தவர். மூக்கும் கண்ணும் பழகப் பழக எல்லோருக்கும் ஓரளவு வந்துவிடும். இரண்டடி உயரச் சிலை காய்ந்து, சூளையில் வெந்து, ஐப்பசி மழையில் கோயில் முற்றத்தில் நின்றும் கீறல் விடாமல் இருப்பதுதான் கடினம்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் களிமண் நல்ல ஒட்டுள்ளது. காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர் வாங்கியது சும்மா இல்லை. ஆனால் பானைக்குப் பதமான மண் சிலைக்கு அப்படியே ஆகாது. பானையின் சுவர் மெல்லியது, ஒரே சீரானது. சிலையில் கனமும் மெலிவும் கலந்துதான் வரும். அதனால் மண்ணின் சுருக்கத்தைக் குறைக்க வேண்டும். நன்றாக வெந்த ஓட்டாஞ்சில்லுகளை இடித்துச் சலித்து, அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள குருணையை, நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்து மிதியுங்கள். ஓட்டுக் குருணை ஏற்கெனவே வெந்தது, மறுபடி சுருங்காது. ஈரம் வெளியேற வழியும் விடும். ஆற்று மணலும் சுருக்கத்தைக் குறைக்கும். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் சூட்டில் திடீரென விரியும். அதனால் பெரிய சிலைக்கு ஓட்டுத் தூளே மேல் என்பது என் முடிவு.

எந்தக் குளத்து மண்ணாக இருந்தாலும் இரண்டு சோதனை செய்யாமல் வேலையில் இறங்கக் கூடாது.

முதலாவது சுருக்கம். வேலைக்குப் பிசைந்த அதே மண்ணில் ஒரு சின்னப் பட்டை செய்து, அதன்மேல் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு கீறுங்கள். காய்ந்து, சுட்டு எடுத்த பிறகு அளந்தால் 91 இருக்கிறது என்று வையுங்கள். 60 சென்டிமீட்டர் சிலை வேண்டுமானால் 60-ஐ 0.91-ஆல் வகுக்க வேண்டும்; பச்சை மண்ணில் 66 சென்டிமீட்டர் உயரம் எழுப்ப வேண்டும். பீடத்தின் மாடத்துக்கு அளவு சொல்லிச் சிலை கேட்பவர்களிடம் இந்தக் கணக்குத் தப்பினால் வேலை முழுதும் வீண்.

இரண்டாவது சுண்ணாம்பு. திருநெல்வேலிச் சீமையில் சுண்ணாம்புக்கல் அதிகம். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான். குளத்து மண்ணிலும் கடுகளவு சுண்ணாம்புப் பொடிக்கல் கிடக்கும். காய்ந்த மண்கட்டி மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் உஷார். சூளையில் அந்தக் கல் சுட்ட சுண்ணாம்பாகி, வெளியே வந்து சில நாளோ சில வாரமோ காற்றின் ஈரத்தைக் குடித்து, ஊதி, மேல்மண்ணைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். மண்ணைக் குழம்பாகக் கரைத்து, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டுவதுதான் மருந்து. ஓட்டுக் குருணையை அதற்குப் பிறகே சேர்க்க வேண்டும்.

கட்டுமானத்துக்கு வருவோம். 60 சென்டிமீட்டர் சிலைக்கு சுவர் 12 முதல் 15 மில்லிமீட்டர் போதும். கட்டைவிரல் பருமனில் மண்ணைத் திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளும் புறமும் வழித்து இணைத்து எழுப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போனால் கீழ்ச்சுவர் பிதுங்கும். நிறுத்தி, கீழ்ப்பகுதி தன் பாரம் தாங்கும் அளவு இறுகட்டும். ஆனால் விளிம்பு மட்டும் காயாதபடி ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். கனத்தைச் சோதிக்க, ஒரு கோணி ஊசியில் 15 மில்லிமீட்டரில் நூல் கட்டிக்கொண்டு அங்கங்கே குத்திப் பாருங்கள். தொடை, மார்பு, தோள், இந்த மூன்று இடத்திலும்தான் கை தன்னையறியாமல் மண்ணை அப்பிவிடும்.

அகல மார்பும் ஓங்கின கையுமாக ஒரு சுடலைமாடன் உருவம் என்றால் உள்ளே குறுக்குச் சுவர் கொடுங்கள், அதுவும் அதே கனத்தில். ஒவ்வொரு குறுக்குச் சுவரிலும் விரல் நுழையும் துளை வேண்டும். தலை, புஜம் எல்லாம் குடைவாக இருந்து, அந்தக் குடைவு உடம்பின் குடைவோடு சேர வேண்டும். மண்ணுக்குள் காற்று மாட்டினால் சூளையில் வெடிக்கும் என்று எங்கும் சொல்வார்கள். வெடிக்க வைப்பது காற்று இல்லை, நீராவி. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். முழுக்க உலர்ந்த மண்ணில் காற்றுக்குமிழ் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஈரமுள்ள கனமான மண் குமிழே இல்லாவிட்டாலும் வெடிக்கும். துளை வைப்பது உள்ளறை உலரவும், ஆவி போகவும்.

ஒட்டு வேலைக்கு ஒரே விதி: சேர்கிற இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். இறுகிப்போன தோளில் பச்சை மண் கையை ஒட்டினால், கை அதிகம் சுருங்கும், தோள் சுருங்காது. இரண்டுக்கும் நடுவே பிளவு வரும். இரண்டு முகத்தையும் குறுக்கும் நெடுக்கும் ஆழக் கீறி, அதே மண்ணின் குழைசேற்றைத் தடவி, நெளித்து அழுத்தி, சேர்ந்த இடத்தைச் சுற்றி மெல்லிய திரி வைத்து வழித்து மூடுங்கள். 2004-05 அகழாய்வில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் பெண், மான், முதலை, கொக்கு எல்லாம் ஒட்டுருவங்களாகவே நிற்கின்றன. எத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் ஒட்டு விடவில்லை.

முக வேலையை அரைக்காய்ச்சல் பதத்தில் செய்யுங்கள்: நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. கண்ணைக் கீறுவதற்கு முன்னால் கண்குழி, கன்னம், தாடை ஆகிய பெரிய தளங்களைச் சிரட்டைத் துண்டால் சீவி நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஒரே விளக்கு வைத்து, சிலையைச் சுழற்றிச் சுழற்றி நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கண் இமை எப்படி விழியின் மேல் படிய வேண்டும் என்பதற்கு கிருஷ்ணாபுரம் கோயிலை விடப் பக்கத்தில் நல்ல பாடம் இல்லை. அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனையும் கர்ணனையும் முன்னால் நின்று பார்ப்பதோடு விடாமல், பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். அது கல், இது மண். ஆனால் இமையின் விளிம்பு தரும் நிழல் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தடவுவதை விட்டுவிடுங்கள். அது நுண்மண்ணை மேலே கொண்டுவந்து, கீறின கூர்மையை மழுக்கி, காயும்போது வலைபோல் மேல்வெடிப்பு விடும். மினுக்கம் வேண்டிய இடத்தில் வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்தால் போதும்.

உலர்த்துவதில்தான் இந்த ஊரில் அதிக நஷ்டம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேலக்காற்று சிலையின் ஒரு பக்கத்தை மட்டும் உறிஞ்சிக் காயவைத்துவிடும். காற்று நேராகப் படாத அறையில், பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி, தினமும் சிலையைக் கால் வட்டம் திருப்பி, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். விரல், காது, அரிவாள் நுனி போன்ற மெல்லிய பாகங்களைத் தனியாக இறுகச் சுற்றி வைத்தால் உடம்போடு சேர்ந்து காயும். அடியில் மணல் தூவியிருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் பீடம் காயும்போதே ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இழுக்கும், பலகையில் ஒட்டிக்கொண்டால் கிழியும். காய்ந்துவிட்டதா என்பதற்குத் தராசு பொய் சொல்லாது. இரண்டு நாள் இடைவெளியில் எடை குறையவில்லையென்றால் சூளைக்குப் போகலாம்.

சூளையில் முதல் 120 டிகிரி வரை அவசரமே கூடாது. வரட்டிப் புகைச்சலிலேயே பல மணி நேரம் வையுங்கள். புகைத்துளை மேல் குளிர்ந்த எவர்சில்வர் தட்டை ஒரு நொடி காட்டுங்கள். தட்டு வியர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. மின்சூளை என்றால் 90 டிகிரியில் இரவு முழுதும் நிறுத்தி, பிறகு மணிக்கு 50 டிகிரி, 600 தாண்டினபின் மணிக்கு 120. குவார்ட்ஸ் 573 டிகிரியில் விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே இறக்கும்போதும் அந்தக் கட்டத்தில் பொறுமை வேண்டும். வெறுங்கையால் தொட முடிகிற வரை சூளையைப் பிரிக்காதீர்கள்.

விரிசல் விழுந்த சிலையைத் தூக்கிப் போடாமல் படித்துப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். உடம்பைச் சுற்றிப் படுக்கைவசமாக ஓடினால், முந்தின நாள் வேலை நிறுத்தின விளிம்பு காய்ந்துபோயிருந்தது. கை சேரும் இடத்தில் வட்டமாக வந்தால் ஈரம் ஒத்துப்போகவில்லை. விளிம்பில் அகலமாகத் தொடங்கி உள்ளே மெலிந்தால் ஓரம் முந்திக் காய்ந்தது. பீடத்தின் நடுவில் வாய் திறந்தால் அடி ஒட்டிக்கொண்டது. மயிரிழையாய், கத்தியால் வெட்டின மாதிரி நீளமாக ஓடினால் சூளையை முன்னாலேயே திறந்துவிட்டார்கள். சில்லு தெறித்த குழியின் அடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சுண்ணாம்பு; புள்ளி இல்லாமல் பெரிய துண்டாகச் சிதறியிருந்தால் நீராவி.

காய்ந்த மண்ணின் விரிசலில் ஈரமண் திணித்து மூடுவது வீண்வேலை. புது மண் சுருங்கி அதே இடத்தில் மறுபடி திறக்கும். வெந்த பிறகு வரும் மயிரிழைக்கு எபாக்சிப் பசையில் அதே ஓட்டின் தூளைக் குழைத்து அடைக்கலாம், வாங்குபவரிடம் சொல்லிவிட்டு. பாரம் தாங்கும் கால், கழுத்து, பீடம் ஆகியவற்றில் விரிசல் என்றால் அந்தச் சிலையை விற்கவே கூடாது.

சூளை பிரித்ததும் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வெந்திருக்கிறது, மந்தமாகக் கேட்டால் வேக்காடு போதவில்லை அல்லது எங்கோ விரிசல். சுண்ணாம்புச் சந்தேகம் உள்ள மண்ணாக இருந்தால், சூடு ஆறின அன்றைக்கே சிலையை ஒரு மணி நேரம் தண்ணீரில் முழுக்கி வையுங்கள். மிச்சமிருக்கும் பொடிச் சுண்ணாம்பு மொத்தமாக நீறி, கூழாக இளகி, ஓட்டின் நுண்துளைகளுக்குள் அடங்கிவிடும். பெரிய கல் இருந்தால் அது பட்டறையிலேயே தெறிக்கும், வாங்கினவர் வீட்டில் தெறிக்காது.