வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன்

அப்பாவின் அச்சகத்துக்கு வருமான வரித் துறையினர் சர்வேக்கு, அதாவது தொழிலிடத்திலேயே கணக்கையும் சரக்கையும் சரிபார்க்கும் ஆய்வுக்கு, வந்தபோது, கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்ளும் நான்தான் உடனிருந்தேன். அதிகாரிகள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் மாலை வரை பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன வயதான மனிதருக்கு, எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று தோன்றும் நேரம் ஒன்று வரும். என்னைக் கேட்டால், வரி விசாரணையில் மிக ஆபத்தான நேரம் அதுதான்.

கிடங்கில் எண்ணிய தாள், கணக்குப் புத்தகத்தில் இருந்ததைவிட அதிகம். "இந்த வேறுபாட்டைக் கணக்கில் காட்டாத வருமானமாக ஒப்புக்கொள்கிறேன்" என்று வாக்குமூலத்தில் ஒரு வரி. அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். எங்கள் ஆடிட்டர், அதிகாரியின் அனுமதியோடு வாக்குமூலத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு, "ஐயா, சுவரோரம் அடுக்கியிருக்கும் ரீம்கள் யாருடையவை?" என்று கேட்டார்.

அவை வாடிக்கையாளர்கள் தாங்களே வாங்கி, அச்சடிக்க இறக்கிவைத்த தாள்கள். எங்கள் சரக்கே அல்ல. அப்பாவுக்கு அது தெரியாதா என்ன? அந்தக் களைப்பில் நாக்கில் வரவில்லை, அவ்வளவுதான். ஒப்புதல் வரி நீக்கப்பட்டு, "டெலிவரி சலான்களைப் பார்த்து விளக்கம் தர அவகாசம் வேண்டும்" என்று பதிவானது.

சர்வேயின்போது வாங்கும் வாக்குமூலம் மட்டுமே வரி விதிக்கப் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. ஒப்புதல் வாக்குமூலம் வாங்குவதில் குறியாக இருக்கக் கூடாது, ஆதாரம் திரட்டுங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2003இல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்ததைப் பிறகு மறுக்க ஆதாரம் தேடி அலையப்போவது நீங்கள்தான். ரெய்டு என்றால் நிலைமை இன்னும் கடுமை. அங்கே சத்தியப் பிரமாணத்தின்பேரில் தரும் வாக்குமூலம் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்த கட்டத்துக்கு ஒரு வரி வழக்கறிஞரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் ஆடிட்டரே. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். நாளை அவரையே விசாரிக்கலாம். வழக்கறிஞரிடம் நாம் மனம்விட்டுச் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, ஆடிட்டரிடம் சொல்வதற்கு அது கிடையாது. தன் வரம்பை இப்படி வெளிப்படையாகச் சொல்பவரை நம்பலாம். "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, பேசி முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்தார். அப்படிப்பட்டவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வரிச் சிக்கலோடு லஞ்ச வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

நம் சார்பில் ஆஜராக ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. நேரில் வந்து பிரமாணத்தின்பேரில் பதில் சொல்லச் சம்மன் வந்தால் மட்டும் நாமேதான் போக வேண்டும். அதற்கும் முந்தைய நாளே அவர்களோடு உட்கார்ந்து, கேட்கக்கூடிய கேள்விகளை ஆவணங்களோடு ஒத்துப்பார்த்துவிடுவது நல்லது.

சலான்களையும் வாடிக்கையாளர்களின் உறுதிக் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி, ஆடிட்டரும் வழக்கறிஞரும் சேர்ந்து பதில் தயாரித்தார்கள். அந்தத் தாளின் மதிப்பை வருமானத்தில் சேர்க்காமலேயே ஆணை வந்தது.