ஆழத்து மீனும் போயிலின் விதியும்

வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அமுக்கம் கூடினால் கனவளவு குறையும், அமுக்கம் குறைந்தால் கனவளவு கூடும். போயிலின் விதி அவ்வளவுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இந்த விதியை ஒப்பிக்காத பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. கணக்கும் பிழையில்லாமல் செய்வார்கள். ஆனால் இது உலகத்தில் எங்கே, யாருக்கு நடக்கிறது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரு விதி யாரையாவது தொட்டால்தான் அது மனதில் நிற்கும் என்பது என் நம்பிக்கை. அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மெக்சிகோ வளைகுடாவின் செந்நிற ஸ்னாப்பர் மீன் என் வகுப்புக்குள் வந்தது.

கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அமுக்கம். கீழே போகப் போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று சேரும். 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனின் மேல் 4 வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் மிதப்பைச் சரிபார்க்கும் காற்றுப்பை ஒன்று உண்டு. தூண்டிலில் மாட்டி, விறுவிறுவென்று மேலே சுற்றி இழுத்தால் அந்தக் காற்று 4 மடங்கு விரியப் பார்க்கும். ஸ்னாப்பர், கலவா போன்ற மீன்களின் காற்றுப்பை மூடியது, காற்றை உடனே வெளியே விட அதற்கு வழியில்லை. வயிறு உப்பும், கண்கள் பிதுங்கும், இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளும். இதை வகுப்பில் காட்டப் பெரிய செலவில்லை. பெரிய சிரிஞ்சு ஒன்றுக்குள் லேசாக ஊதிக் கட்டிய குட்டி பலூனை வைத்து, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு, பின்னால் உள்ள தண்டை இழுத்தால் பலூன் கண் முன்னாலேயே வீங்கும். பிள்ளைகள் அதை மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள்.

வாயில் தெரிவதைக் காற்றுப்பை என்று நினைத்து அதைக் குத்தி விடுகிறவர்கள் உண்டு. அது இரைப்பை. குத்தினால் மீனுக்குப் புண்தான் மிச்சம். இதைப் பாடத்தில் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யும் காரியமே அங்கே மீனைக் கொல்கிறது.

பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அப்ப ஏன் டீச்சர் திரும்பி விடுறாங்க? பிடிச்சத எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" சட்டம் விடச் சொல்கிறது என்றேன். அளவு போதாத மீன், பிடிக்கும் காலம் முடிந்த பிறகு மாட்டும் மீன், ஆளுக்கு இத்தனை என்ற கணக்கைத் தாண்டிய மீன், இவற்றையெல்லாம் தண்ணீரில் விட்டாக வேண்டும். விட்டால் என்ன ஆகும்? உப்பிய வயிற்றோடு மேலேயே மிதக்கும். கீழே போக முடியாது. வெயிலும் பறவையும் பார்த்துக்கொள்ளும், டொல்பின்கள் படகைச் சுற்றியே காத்திருக்கும். அப்படியானால் காப்பாற்றத்தான் விடச் சொன்னது என்பதற்கே பொருளில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வி சட்டம் எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி என்று அன்றைக்கே சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் அந்தக் கேள்விக்கு விடை காண நாளாகியிருக்கிறது. வளைகுடாவில் 2008 இல் காற்றை வெளியேற்றும் துளைக் கருவி படகில் இருக்க வேண்டும் என்றார்கள். 2013 இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு 2020 ஆம் ஆண்டின் டிசெண்ட் சட்டம் வந்தது. அது 2021 ஜனவரியில் கையெழுத்தாகி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வளைகுடாவில் கடலடிப் பாறைகளில் வாழும் மீன்களைப் பிடிக்கும் படகில் துளைக் கருவியோ மீனை ஆழத்துக்கு இறக்கும் கருவியோ இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. அட்லாண்டிக்கின் தென்பகுதியில் இறக்கும் கருவி 2020 ஜூலையிலேயே கட்டாயமாகிவிட்டது.

அந்த விதிகளில் துளைக் கருவிக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தை வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தண்டைக் கழற்றிய சிரிஞ்சின் ஊசி போல, உள்ளே குழாயாக இருக்கும் கூரிய கருவி. கத்தியும் பனிக்கட்டி உடைக்கும் ஊசியும் கணக்கில் வராது, காற்று வெளியே வர அவற்றில் வழியில்லையே. நாங்கள் பலூனை வைத்து விளையாடிய அதே சிரிஞ்சு! பக்கச் செட்டைக்குப் பின்னால், செதிலுக்குக் கீழே சாய்வாக நுழைக்க வேண்டும். கை பழகியவர்கள் செய்கிற வேலை அது.

என் மனம் இறக்கும் கருவியிடம்தான் போகிறது. அதில் மீனைக் குத்துவதில்லை. மீனின் தாடையைப் பிடிக்கும் ஒரு கவ்வியையோ தலைகீழாகக் கட்டிய கொக்கியையோ கனமான ஈயத்தோடு கீழே இறக்குகிறார்கள். குறைந்தது 16 அவுன்ஸ் எடை, 60 அடி கயிறு என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறது. கீழே போகப் போகத் தண்ணீரே காற்றைத் திரும்ப அமுக்கிச் சுருக்கிவிடும். எந்த விதி மீனைக் கெடுத்ததோ அதே விதிதான் அதைக் காப்பாற்றுகிறது. கரும்பலகையில் அதே சமன்பாட்டை வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினேன். அலாஸ்காவின் தென்கிழக்கில் ராக்ஃபிஷ் வகை மீன்களைப் பிடித்த ஆழத்துக்கோ, குறைந்தது 100 அடிக்கோ கொண்டுபோய் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அவற்றில் மஞ்சள் கண் ராக்ஃபிஷ் 100 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. எங்கள் பக்கத்துக் காசல்ரீ அணைக்கட்டைவிட மூத்த மீன் என்றதும் வகுப்பு அசந்துபோனது.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன நிபந்தனை. இறக்கும் கருவி படகில் இருந்தால் மட்டும் போதாது. எடை கட்டி, கயிறு பூட்டி, எடுத்தவுடன் பயன்படுத்தத் தயாராக இருக்க வேண்டும். மேலே வந்த மீனுக்கு நேரம் கிடையாது. பெட்டிக்கு அடியில் பிரிக்காத உறையோடு கிடக்கும் கருவி மீனுக்கு எந்த வகையிலும் உதவாது. எங்கள் ஆய்வுகூடத்தின் மணல் வாளிகளை நான் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வதும் இதனால்தான். பொருளை வாங்க வைக்கும் விதிகள் நிறைய இருக்கின்றன. ஆபத்து வரும் அந்த நிமிடத்தை நினைத்து எழுதிய விதிகளைக் காண்பது அரிது.

எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கடல் தூரம். ஆழம் என்றால் அவர்களுக்கு மவுசாகலை நீர்த்தேக்கம்தான். தண்ணீர் வற்றும் காலத்தில் அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் கணக்கை இங்கே கொண்டுவந்தோம். ஹட்டன் உயரத்தில் வளிமண்டல அமுக்கமே கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 86 சதவீதம்தான். கடல் மட்டத்தில் உள்ள ஒரு குளத்தில் 10 மீட்டரிலிருந்து மேலே வரும் காற்று ஏறக்குறைய 2 மடங்கு விரியும். இங்கே அதே ஆழத்திலிருந்து வந்தால் 2.1 மடங்குக்கு மேல். நுவரெலியா உயரத்தில் இன்னும் கூடும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அந்த எண் எங்கள் மலையிலிருந்து வந்த எண். அதைக் கண்டுபிடித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது இந்தத் தொழிலை ஏன் விடாமல் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். கெண்டைக்கும் இப்படி ஆகுமா என்று கேள்வி. கெண்டையின் காற்றுப்பையிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் போகிறது, அதனால் ஏப்பம் விடுவது போல வெளியேற்றிக்கொள்ளும். வெள்ளைக்காரன் 1880களில் நுவரெலியாப் பக்கம் கொண்டுவந்து விட்ட டிரவுட்டுக்கும் அப்படித்தான். திலாப்பியாவுக்கு அந்த வழி கிடையாது. ஆக, எங்கள் நீர்த்தேக்கத்திலும் ஸ்னாப்பரின் நிலைமை உள்ள மீன் ஒன்று இருக்கிறது.

பிள்ளை ஒருவனின் அப்பா தோட்டத்தில் வேலை முடிந்து அந்தியில் காசல்ரீயில் வலை போடுகிறவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம், மகன் கம்பியை வளைத்து ஈயம் கட்டிச் செய்த கொக்கியைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான் டீச்சரம்மா. ஆனா எங்க வலையில விடியக்காலையில பாத்தா முக்காவாசி செத்துத்தான் கெடக்கும். அத எங்க எறக்குறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சின்னது மாட்டாம இருந்தாத்தான் உண்டு. கண்ணு பெருசா இருக்கணும்."

அவர் சொன்னதுதான் சரி. தூண்டிலுக்கு ஏற்ற விதி வலைக்குப் பொருந்தாது. தூண்டிலில் மாட்டிய மீன் உயிரோடு கைக்கு வருகிறது, அதனால் அங்கே இறக்கும் கருவிக்கு வேலை இருக்கிறது. இரவெல்லாம் கிடக்கும் செவுள் வலையில் மீனைக் காப்பாற்றும் நேரம் அது மாட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளில் செவுள் வலையின் கண், இழுத்துப் பிடித்து அளந்தால் 8.5 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதற்காகத்தான். அந்த அளவை அவர் சென்றிமீற்றரில் சொல்லவில்லை, நான்கு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார்.

அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது அவரை வகுப்புக்கு அழைக்கப் போகிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அந்திக்கு முன்னால் என்றால். பழைய வலைத் துண்டு ஒன்றையும் கொண்டுவருவதாகச் சொன்னார். முதலில் பிள்ளைகள் அதன் கண்ணை அளக்கட்டும். சிரிஞ்சும் பலூனும் அதற்குப் பிறகு.